நிரூபிக்க வேண்டியது யார்?

(அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் டென்யூர் முறை குறித்து ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு அமெரிக்காவில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "வேலை பர்மனென்டா?" சம்பளமெல்லாம் அப்புறம்தான். "ஆறு வருஷம் போனால்தான் தெரியும்" என்று பிள்ளை சொன்னால் அவர்கள் முகம் சுருங்கிவிடும். இங்கே நாம் அறிந்த கணக்கு வேறு. தகுதிகாண் பருவம் ஒரு வருடம், மிஞ்சிப்போனால் இன்னொரு வருடம் நீட்டிப்பார்கள். கோப்பு நகர்ந்து கையெழுத்தாகி வந்துவிட்டால் ஓய்வு பெறும் வரை கவலையில்லை. ஆறு வருடம் உழைத்த பிறகு ஒருவரை உட்காரவைத்து, "நீங்கள் போகலாம்" என்று சொல்லக்கூடிய முறை நமக்குக் கொடுமையாகத்தான் படும்.

அந்த ஆறு வருடத்தைத் தாண்டினால் கிடைப்பதுதான் டென்யூர். அதைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. டென்யூர் வாங்கியவரை யாரும் அசைக்க முடியாது என்பது ஒன்று. அது சோம்பேறிகளுக்குக் கொடுக்கும் பட்டயம் என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் விதிகளைப் படித்ததில்லை. டென்யூருக்கு முன்னால், என்னை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியர் நிரூபிக்க வேண்டும். டென்யூருக்குப் பிறகு, இவரை ஏன் அனுப்ப வேண்டும் என்று பல்கலைக்கழகம் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறுகிறது. விதி முழுவதும் இதற்குள் அடக்கம். இது எப்படி வந்தது, எப்படி நடக்கிறது, எங்கெங்கே கைவிட்டது என்று பார்ப்போம்.

1900ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் தொடங்கிப் பத்து வருடம்கூட ஆகவில்லை. நிறுவியவர் ரயில்பாதை அதிபர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட். அவர் இறந்த பிறகு எல்லா அதிகாரமும் அவர் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டின் கையில் இருந்தது. அங்கே எட்வர்ட் ராஸ் என்று ஒரு பொருளியல் பேராசிரியர். 1896 தேர்தலில் அவர் வெள்ளி நாணயக் கட்சிக்காரர்களை ஆதரித்துப் பேசினார், எழுதினார். நகரத்துப் பொதுச் சேவைகளை நகராட்சியே நடத்த வேண்டும் என்றார். அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. 1900 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தொழிலாளர் கூட்டத்தில், ஆசியாவிலிருந்து கூலியாட்கள் வருவதைத் தடுக்க வேண்டும் என்று ராஸ் பேசியதோடு அம்மையாரின் பொறுமை தீர்ந்தது. அம்மையாரின் கணவருடைய ரயில்பாதையை அமைத்ததே சீனத் தொழிலாளர்கள். பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் ஸ்டார் ஜோர்டன் கொஞ்ச காலம் சமாதானம் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் பணிந்தார். நவம்பரில் ராஸ் வெளியேற்றப்பட்டார். அதை வகுப்பறையில் கண்டித்த ஜார்ஜ் ஹோவர்ட் என்ற வரலாற்றுப் பேராசிரியரும் வெளியேற நேர்ந்தது. வேறு சிலர் தாங்களாகவே விலகினார்கள். அப்படி விலகியவர்களில் ஆர்தர் லவ்ஜாய் என்ற இளம் தத்துவ ஆசிரியரும் ஒருவர்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ராஸின் அந்தப் பேச்சு இனவெறிப் பேச்சு. இன்று படித்தால் கூசும். கல்விச் சுதந்திர வரலாற்றில் தியாகியாக நிற்பவர் இப்படிப்பட்டவர் என்பது சங்கடமான உண்மைதான். ஆனால் லவ்ஜாய் கேட்ட கேள்வி, ராஸ் சொன்னது சரியா தவறா என்பதல்ல. பணம் போட்டவருக்கு ஓர் ஆசிரியரின் கருத்து பிடிக்காவிட்டால், அவரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் அந்தப் பணத்தோடு வருகிறதா? அவர் கேட்டது அது.

பதினைந்து வருடம் கழித்து, 1915இல், லவ்ஜாயும் ஜான் டூயியும் சேர்ந்து அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். டூயி முதல் தலைவர். அதே வருடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், குழந்தைத் தொழிலாளர் முறையைச் சாடிவந்த ஸ்காட் நியரிங் என்ற பொருளியல் ஆசிரியருக்கு மறுநியமனம் இல்லை என்று அறங்காவலர்கள் முடிவு செய்தார்கள். காரணம் சொல்லவில்லை. சங்கம் அந்த ஆண்டே தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஆசிரியரை அமர்த்துவது அறங்காவலராக இருக்கலாம். ஆனால் அவர் துறையில் அவர் செய்யும் வேலையைத் தீர்ப்பிடத் தகுந்தவர்கள் அதே துறையை அறிந்த மற்ற ஆசிரியர்கள்தான் என்பது அதன் சாரம். நீதிபதியை அமர்த்துகிறவர் குடியரசுத் தலைவர். அதற்காகத் தீர்ப்பை அவர் எழுதித்தர முடியுமா என்று அவர்கள் வாதிட்டார்கள்.

இன்று நடைமுறையில் இருக்கும் விதிகளுக்கு அடிப்படை 1940ஆம் ஆண்டு அறிக்கை. ஆசிரியர் சங்கம் தனியாக எழுதியதில்லை. கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து கையெழுத்திட்டது. அதனால்தான் அதற்கு மதிப்பு. சில பக்கங்களே கொண்ட ஆவணம். நியமனத்தின் நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும். தகுதிகாண் காலம் ஏழு வருடத்தைத் தாண்டக் கூடாது. வேண்டாம் என்றால் அந்தக் காலம் முடிவதற்கு ஒரு வருடம் முன்பே சொல்லிவிட வேண்டும். டென்யூர் பெற்றவரை, போதிய காரணம் இருந்தால், எழுத்தில் குற்றச்சாட்டு கொடுத்து, விசாரித்து, அவர் விரும்பும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள அனுமதித்துத்தான் நீக்கலாம். நிறுவனம் உண்மையிலேயே நிதி நெருக்கடியில் மூழ்கினால் அது தனிக் கணக்கு.

ஏழு வருடத்தில் கடைசி வருடம் அறிவிப்புக் காலம். அதைக் கழித்தால் மிச்சம் ஆறு. ஊரில் பெரியவர்களிடம் பிள்ளை சொன்ன அந்த ஆறு இதுதான். ஆறாவது வருடத்தில் முடிவு. மேலே போகலாம், இல்லையென்றால் வெளியே. அதே பதவியில் இன்னும் பத்து வருடம் ஓட்டுகிறேன் என்று கேட்க வழியில்லை. இதைப் பலர் குரூரம் என்கிறார்கள். இந்தக் கெடு வைக்கப்பட்டது ஆசிரியரின் நன்மைக்காக என்பதை மறந்துவிடுகிறார்கள். கெடு இல்லாவிட்டால், வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தே இருபது வருடம் ஒருவரை வேலை வாங்கலாம். தற்காலிக ஆசிரியர்களாகவே தலை நரைத்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

இனி அந்த ஆறாவது வருடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். உங்களில் சிலருக்கு இது உடனே தேவைப்படலாம்.

ஆராய்ச்சி, கற்பித்தல், சேவை என்று மூன்று அளவுகோல்கள் எல்லாப் பல்கலைக்கழகக் கையேட்டிலும் இருக்கும். மூன்றும் சம எடையுள்ளவை என்று நம்பி மோசம் போகாதீர்கள். பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிதான் எல்லாம். கற்பித்தல் மோசமாக இருக்கக் கூடாது, அவ்வளவே. டென்யூருக்கு முன் நல்லாசிரியர் விருது வாங்குவது அபசகுனம் என்று அங்கே ஆசிரியர் அறைகளில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. சேவை என்பது குழுக்களில் உட்காருவது. அதை அதிகம் செய்யாதே என்று நல்ல துறைத்தலைவர் இளையவர்களுக்குச் சொல்லிவைப்பார். இளங்கலை மட்டும் நடத்தும் சிறு கல்லூரிகளில் இந்தக் கணக்கு தலைகீழ்; வகுப்பறையில் சோபிக்காதவர் எத்தனை கட்டுரை எழுதினாலும் தேறமாட்டார். ஆராய்ச்சிக்கும் ஒரே நாணயம் கிடையாது. வரலாற்றிலும் இலக்கியத்திலும் பெரும்பாலும் ஒரு நூல், அதுவும் மதிப்புள்ள பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டதாக இருக்க வேண்டும். அறிவியலில் ஆய்விதழ்க் கட்டுரைகள். ஆய்வுக்கூடம் நடத்துகிற துறைகளில் தேசிய அறிவியல் அறக்கட்டளையிலிருந்தோ தேசிய சுகாதார நிறுவனங்களிலிருந்தோ நீங்கள் கொண்டுவந்த நிதி.

மூன்றாவது வருடத்தில் பல இடங்களில் ஓர் இடைக்கால மதிப்பீடு நடக்கும். அதில் வரும் கடிதத்தைச் சடங்கு என்று நினைத்து அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. தப்பு. "இந்த நூலை விரைவில் முடிப்பது நல்லது" என்று அதில் ஒரு வரி இருந்தால், முடிக்காவிட்டால் கிடையாது என்று பொருள். அமெரிக்கர்கள் எச்சரிக்கையையும் புன்னகையோடுதான் எழுதுவார்கள்.

ஐந்தாம் வருடக் கடைசியில் கோப்பு தயாராகும். அதன் உயிர்நாடி வெளியார் கடிதங்கள். உங்கள் துறையில் பெயர் பெற்ற, வேறு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறிலிருந்து பத்துப் பேருக்கு உங்கள் படைப்புகளை அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். உங்கள் நெறியாளர் கூடாது, உங்களோடு கட்டுரை எழுதியவர் கூடாது. நீங்கள் சில பெயர்களைத் தரலாம். துறை தன் பட்டியலைத் தானே போடும். "உங்கள் பல்கலைக்கழகமாக இருந்தால் இவருக்கு டென்யூர் கொடுப்பீர்களா?" என்றுகூடச் சிலர் கேட்பார்கள். பல இடங்களில் இந்தக் கடிதங்களை நீங்கள் பார்க்கவே முடியாது. பாராட்டு கரைபுரண்டு ஓடும் அந்த உலகத்தில், "நல்ல ஆய்வாளர்" என்று மட்டும் எழுதிய கடிதம் கழுத்துக்குக் கத்தி. நேரமில்லை என்று எழுத மறுத்தவர்களின் மௌனத்துக்கும் குழுவில் அர்த்தம் கற்பிப்பவர்கள் உண்டு.

கடிதம் என்ன செய்யும் என்பதற்குக் கார்ல் சேகனைச் சொல்லலாம். பின்னாளில் தொலைக்காட்சியில் அண்டவெளியை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தவர். 1960களில் ஹார்வர்டில் உதவிப் பேராசிரியராக இருந்தார். 1968இல் ஹார்வர்ட் அவருக்கு டென்யூர் மறுத்தது. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஹெரால்ட் யூரி, சேகனை மாணவப் பருவத்திலிருந்தே அறிந்தவர். அவர் எழுதிய சாதகமற்ற கடிதத்துக்கு இதில் பங்கு உண்டு என்று சேகனின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். யூரி சில வருடம் கழித்துத் தன் மதிப்பீட்டுக்காக வருத்தம் தெரிவித்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். சேகன் கார்னெல்லுக்குப் போனார், அங்கேயே கடைசி வரை இருந்தார். ஹார்வர்ட் தோற்றது என்று இன்று சொல்வது சுலபம். டென்யூர் கிடைக்காமல் போய், அடுத்த இடம் எதுவும் கதவைத் திறக்காமல், பெயர் தெரியாமல் மறைந்தவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

கடிதங்கள் வந்த பிறகு, துறையில் ஏற்கெனவே டென்யூர் பெற்றவர்கள் கூடி வாக்களிப்பார்கள். துறைத்தலைவர் தனியாக ஒரு கடிதம் எழுதுவார். அதற்குமேல் கல்லூரிக் குழு, புலத்தலைவர், பல்கலைக்கழகக் குழு, கல்விப் பொறுப்பாளரான புரோவோஸ்ட், பல்கலைக்கழகத் தலைவர், கடைசியில் அறங்காவலர் குழு. எந்தப் படியிலும் தடுக்கலாம். பொதுவாகத் துறையில் பிளவுபட்ட வாக்கோடு போகும் கோப்பு மேலே தள்ளாடும்.

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமா? இதற்கு 1972இல் உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. விஸ்கான்சினில் ஆஷ்கோஷ் என்ற ஊரின் அரசுப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராத் ஒரு வருட நியமனத்தில் சேர்ந்தவர். நிர்வாகத்தை விமர்சித்திருந்தார். மறுநியமனம் இல்லை என்றார்கள், காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். ஒரு வருடம் என்று எழுதிய நியமனம் ஒரு வருடத்தில் முடிந்தது. அதற்குமேல் எதிர்பார்க்க அவருக்கு உரிமை இல்லை. இன்னொரு வழக்கு டெக்சஸில் ஒடெசா ஜூனியர் கல்லூரி ஆசிரியர் ராபர்ட் சிண்டர்மனுடையது. அந்த மாநிலக் கல்லூரிகளில் பத்து வருடம் வேலை பார்த்தவர். அந்தக் கல்லூரியில் டென்யூர் என்ற முறையே கிடையாது. ஆனால் ஆசிரியர் கையேட்டில், திருப்தியாக வேலை செய்யும் வரை ஆசிரியர் நிரந்தரமாக இருப்பதாக உணர வேண்டும் என்பதே கல்லூரியின் விருப்பம் என்ற பொருளில் ஒரு பத்தி அச்சாகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஓர் எழுத்தும் வழக்கமும் இருந்தால், அது சொத்துரிமை போன்றதாகலாம், அவரை விசாரிக்காமல் அனுப்ப முடியாது என்றது நீதிமன்றம். ராத்தின் கையில் ஒரு காகிதம், சிண்டர்மனின் கையில் வேறொரு காகிதம். இந்த இரண்டு தீர்ப்புகளும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கானவை. தனியார் பல்கலைக்கழகத்தில் அரசியல் சாசனம் நேரடியாக உதவிக்கு வராது, ஒப்பந்தச் சட்டம்தான்.

பாகுபாடு காட்டி மறுத்தால் மட்டும் எந்தப் பல்கலைக்கழகமும் ஒளிந்துகொள்ள முடியாது. 1985இல் பென்சில்வேனியாவின் வார்ட்டன் பள்ளி ரோசலி டங் என்ற சீன வம்சாவளிப் பெண்ணுக்கு டென்யூர் மறுத்தது. அவர் புகார் கொடுத்தார். கடிதங்கள் ரகசியம், காட்ட மாட்டோம் என்று பல்கலைக்கழகம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990இல் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து, விசாரிக்கும் அமைப்பிடம் கோப்பைக் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து குழுக்களில் எழுதுவோரின் பேனா கொஞ்சம் கவனமாக நடக்கிறது.

பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. குழந்தை பிறந்தால் கெடுவை ஒரு வருடம் நீட்டிக்கும் விதி பல இடங்களில் வந்தது. நியாயமாக இருக்கட்டும் என்று தாய், தந்தை இருவருக்குமே கொடுத்தார்கள். முன்னணிப் பொருளியல் துறைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த விதி வந்த பிறகு அங்கே ஆண்கள் டென்யூர் பெறும் விகிதம் கூடி, பெண்களின் விகிதம் குறைந்தது என்று காட்டியது. கூடுதல் வருடத்தில் தந்தைமார் கட்டுரை எழுதினார்கள். தாய்மார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை.

இந்த முறையில் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல் வேறு. துணிந்து பேசத்தான் டென்யூர். ஆனால் அதைப் பெற ஆறு வருடம் துணியாமல் இருக்கப் பழகுகிறோம். வாக்களிக்கப் போகும் மூத்தவரின் கோட்பாட்டை மறுக்கும் கட்டுரையை யார் நாலாவது வருடத்தில் வெளியிடுவார்? பத்து வருடம் பிடிக்கும் பெரிய கேள்வியை யார் எடுப்பார்? இரண்டு வருடத்தில் கனியும் சின்னக் கேள்விகளாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். முப்பத்தெட்டு, நாற்பது வயதில் சுதந்திரம் கைக்கு வரும்போது பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. இதற்கு மாற்று என்ன என்றால், கெடுவை எடுத்துவிட்டால் இன்னும் மோசமாகும் என்பதுதான் என் பதில். குறையோடு இதை ஏற்கிறேன்.

சரி, கிடைத்துவிட்டது. எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

திறமையின்மை, கடமை தவறுதல், ஆய்வில் மோசடி, ஒழுக்கக்கேடு ஆகியவை பொதுவாக நீக்கக் காரணங்கள். சக ஆசிரியர்களோடு ஒத்துப்போகவில்லை என்பதை ஒரு தனிக் காரணமாக வைக்கக் கூடாது என்று ஆசிரியர் சங்கம் 1999இல் சொன்னது. நியாயம்தான், ஒத்துப்போகாதவரைக் காக்கத்தானே இந்த ஏற்பாடே. வயதைக் காரணம் காட்டவும் முடியாது. டென்யூர் பெற்றவர்களை 70 வயதில் ஓய்வு கொடுத்து அனுப்ப 1993 இறுதி வரை சட்டம் விலக்கு அளித்திருந்தது. 1994 முதல் அதுவும் போயிற்று. எண்பது வயதிலும் பாடம் நடத்துகிறவர்களை அங்கே காணலாம். அவர்களுக்குக் கீழே, இடம் காலியாவதற்குக் காத்திருக்கும் இளையவர்களையும் காணலாம்.

ஆனால் காப்பு எவ்வளவு உறுதி? 1949-50இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கம்யூனிஸ்ட் அல்ல என்று உறுதிமொழி எழுதித் தரச் சொன்னது. மறுத்த 31 ஆசிரியர்களை 1950 ஆகஸ்டில் நீக்கியது. அவர்களில் எவர் மீதும் கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டுகூட இல்லை. புகழ்பெற்ற உளவியலாளர் எட்வர்ட் டோல்மன் அவர்களில் ஒருவர். 1952இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1949இல் நீக்கப்பட்ட மூன்று பேராசிரியர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மூவருமே டென்யூர் பெற்றவர்கள். ஆசிரியர் சங்கம் அந்த வருடங்களில் ஏறத்தாழ வாயே திறக்கவில்லை. இத்தகைய நீக்கங்களைக் கண்டிக்க 1956 ஆயிற்று. மழைக்கென்று வாங்கி வைத்த குடை, பெருமழையன்று விரிய மறுத்தது.

வார்ட் சர்ச்சிலின் கதை இன்னும் சிக்கலானது. கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களில் ஒரு பகுதியினரை நாஜி அதிகாரியோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். 2005இல் அது வெளிச்சத்துக்கு வந்து நாடே கொதித்தது. பேச்சுக்காக நீக்க முடியாது என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரியும். ஆகவே அவருடைய பழைய ஆய்வுகளைத் தோண்டினார்கள். ஆசிரியர் குழுவே விசாரித்து, திரித்தலும் பிறர் எழுத்தைத் திருடியதும் உண்டு என்று கண்டது. 2007இல் நீக்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2009இல் நடுவர் குழு, அவரை நீக்கியது அவர் பேச்சுக்காகத்தான் என்று சொல்லி, நஷ்டஈடாக ஒரு டாலர் கொடுத்தது. நீதிபதி அவரைத் திரும்ப வேலையில் சேர்க்க மறுத்தார். 2012இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆய்வில் குற்றம் உண்மை. அந்தக் கட்டுரை இல்லாவிட்டால் யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: கூர்மையாகப் பேசுகிறவரின் அடிக்குறிப்புகள் மற்றவர்களுடையதைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும்.

டென்யூர் இருந்தும் துறையே போய்விட்டால்? மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023 செப்டம்பரில், பற்றாக்குறையைக் காட்டி 28 பட்டப் பிரிவுகளையும் 143 ஆசிரியர் பணியிடங்களையும் நீக்க முடிவெடுத்தது. டென்யூர் பெற்றவர்களும் அதில் உண்டு. வேலை இருந்தும் சம்பளம் குறைந்தால்? டஃப்ட்ஸ் மருத்துவப் பள்ளியில் டென்யூர் பெற்ற பேராசிரியர்கள், வெளி நிதி கொண்டுவரவில்லை என்று சம்பளத்தையும் ஆய்வுக்கூட இடத்தையும் குறைத்ததை எதிர்த்து வழக்காடினார்கள். 1940 அறிக்கையில் பொருளாதாரப் பாதுகாப்பு பற்றி ஒரு சொற்றொடர் இருக்கிறது; அவர்கள் பல்கலைக்கழகமும் அதைத் தன் கொள்கையில் சேர்த்திருந்தது. 2024இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், ஆய்வுக்கூட இடத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றது. ஆனால் சம்பளத்தை இஷ்டம்போலக் குறைத்தால் அந்தச் சொற்றொடருக்கு என்ன பொருள் என்பதை விசாரித்தாக வேண்டும் என்றது.

இப்போது சட்டமன்றங்களும் களத்தில் இறங்கிவிட்டன. விஸ்கான்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1894இல் தொழிற்சங்கங்களை ஆதரித்தார் என்று ரிச்சர்ட் ஈலி என்ற பேராசிரியரை அங்கே விசாரித்தார்கள். அவர் குற்றமற்றவர் என்று ஆட்சிக்குழு தீர்ப்பளித்ததோடு, உண்மையைப் புடைத்தும் சலித்தும் தேடுவதைப் பல்கலைக்கழகம் ஊக்குவிக்க வேண்டும் என்ற கருத்தில் ஒரு பிரகடனமும் செய்தது. அந்த வாசகம் வெண்கலப் பலகையாகப் பாஸ்கம் மண்டபத்தின் சுவரில் இருக்கிறது. அதே மாநிலம் 2015இல் டென்யூரைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆட்சிக்குழுவின் விதியாக மட்டும் அது மிஞ்சியது. ஜார்ஜியாவில் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவே 2021இல், டென்யூருக்குப் பிந்தைய மதிப்பீட்டில் தவறினால் வழக்கமான விசாரணை இல்லாமலே நீக்க வழி செய்தது. ஃபுளோரிடா ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மதிப்பீடு என்று 2022இல் சட்டம் போட்டது. டெக்சஸ் மேலவை 2023இல் புதியவர்களுக்கு டென்யூரே கிடையாது என்று மசோதா நிறைவேற்றியது; கீழவை அதை மாற்றி, கடைசியில் டென்யூரையும் நீக்கக் காரணங்களையும் சேர்த்துச் சட்டமாக்கினார்கள். மதிப்பீடு செய்வதை நான் எதிர்க்கவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்டால் நல்ல ஆசிரியர் அஞ்ச மாட்டார். ஆனால் அந்த மதிப்பீட்டில் நிரூபிக்கும் சுமை மறுபடி ஆசிரியர் தோளில் ஏறினால், பெயர் டென்யூராக இருந்தாலும் அது ஐந்து வருட ஒப்பந்தம்தான். பிரிட்டன் ஒளிவுமறைவில்லாமல் செய்தது: 1987 நவம்பர் 20க்குப் பிறகு நியமனமோ பதவி உயர்வோ பெற்றவர்களுக்குப் பழைய பாதுகாப்பு இல்லை என்று 1988 சட்டத்தில் எழுதிவிட்டது.

பணம் போட்டவர் பற்றிய லவ்ஜாயின் கேள்வியும் தீரவில்லை. 2021இல் வட கரோலைனா பல்கலைக்கழகம் இதழாளர் நிக்கோல் ஹானா-ஜோன்சை இதழியல் பேராசிரியராக அழைத்தது. ஆசிரியர்கள் டென்யூருக்கு ஒப்புதல் கொடுத்தாயிற்று. அறங்காவலர்கள் கோப்பைக் கிடப்பில் போட்டார்கள். அந்தப் பள்ளி யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தப் பெரும் நன்கொடையாளர், நிர்வாகத்திடம் தன் தயக்கத்தைத் தெரிவித்திருந்தார். எதிர்ப்பு எழுந்த பிறகு 9க்கு 4 என்ற வாக்கில் டென்யூர் கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

இது நமக்கு அந்நியக் கதை இல்லை. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்டினோம். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. உலகெங்கும் தமிழர்கள் உண்டியல் உடைத்துக் கொடுத்தார்கள். பணம் நம்முடையது; அந்த நாற்காலியில் அமர்பவரைத் தேர்ந்தெடுப்பது பல்கலைக்கழகம். அமர்பவர் நாளை தமிழின் தொன்மை பற்றி நமக்குப் பிடிக்காத ஒரு முடிவுக்கு வரலாம், கட்டுரையும் எழுதலாம். அன்றைக்கு நாம் ஜேன் ஸ்டான்ஃபோர்டாக மாறுகிறோமா என்பது நம் கையில் இருக்கிறது.

கடைசியாக, வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு. ஆசிரியர் சங்கத்தின் கணக்குப்படி, 1987இல் அமெரிக்க ஆசிரியர்களில் 39 சதவீதம் பேர் முழுநேர டென்யூரில் இருந்தார்கள். 2021இல் 24 சதவீதம். டென்யூருக்கான பாதையிலேயே இல்லாதவர்கள் 47 சதவீதத்திலிருந்து 68 சதவீதமானார்கள். அதாவது இவ்வளவு நேரம் நான் பேசியது ஒரு சிறுபான்மையினரைப் பற்றி. உங்களுக்கு வருவது எந்த வேலை என்று முதலில் பாருங்கள். 'வருகைதரு' என்றும் 'விரிவுரையாளர்' என்றும் கடிதத்தில் இருந்தால் பெரும்பாலும் அந்தப் பாதை உங்களுக்கு இல்லை.

விசாவும் இதில் கலக்கிறது. எச்-1பி விசா வழக்கமாக ஆறு வருடம். டென்யூர் கெடுவும் ஆறு வருடம். இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வேலை போனால், நாட்டில் தங்கி அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள். கற்பிக்கும் பணியிடத்துக்குத் தேர்வானவருக்குக் கிரீன் கார்டு நடைமுறையில் ஒரு சலுகை உண்டு. அதைத் தேர்வான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் பல்கலைக்கழகம் தொடங்க வேண்டும். மாதங்கள் ஓடுவது தெரியாது. சேர்ந்த முதல் வாரமே பல்கலைக்கழகத்தில் விசா வேலையைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போங்கள், கூச்சப்படாதீர்கள்.

கையெழுத்துப் போடுமுன் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். கெடு எந்தத் தேதியில் தொடங்குகிறது? முன்பு வேறிடத்தில் வேலை செய்த வருடங்களைக் கழிக்கிறார்களா? கழிப்பது சலுகை போலத் தோன்றும். அது உங்கள் நேரத்தைக் குறைப்பது. விதிகள் இடையில் மாறினால் எந்த விதி உங்களுக்கு? குழந்தை, நோய் என்றால் நீட்டிப்பு தானாக வருமா, கேட்டு வாங்க வேண்டுமா? "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று துறைத்தலைவர் அன்போடு சொல்வார். அவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அங்கே அந்தப் பொறுப்பு மூன்று, நாலு வருடத்தில் கைமாறும். உங்கள் கோப்பு மேசைக்கு வரும்போது அங்கே வேறொருவர் உட்கார்ந்திருப்பார், அவர் முன்னால் இருப்பது கடிதம் மட்டும்தான்.